வயலும் கடலும் கைத்தொலைபேசியும்: வன்னியில் குறுங்காணொளி தொடங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் குறுங்காணொளி தயாரிக்கத் தொடங்கியிருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (பரந்தன், இளைஞர்): அக்கா, எங்களிடம் வயல் மட்டுமே இருக்கிறது. கொழும்பிலும் சென்னையிலும் உள்ளவர்களைப் போல உணவகம், உடை, பயணம் என்று காட்டுவதற்கு எதுவும் இல்லை. எந்த யோசனையில் இருந்து தொடங்கலாம்?

பதில்: தம்பி, வயல் இருந்தால் இரண்டு போகங்களுக்குத் தேவையான காணொளிகளும் உங்களிடம் இருக்கின்றன. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் முளைகட்டுவது, வரம்பு கட்டுவது, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுவது, பன்றி இறங்காமல் இரவில் காவல் இருப்பது, வெட்டு மெசின் வயலுக்குள் இறங்குவது, நெல்லை வீதியோரத்தில் காயவிடுவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு காணொளிக்குரிய பொருளாகும். புதியவர்களில் பெரும்பாலானோர் இவை அனைத்தையும் ‘எங்கள் வயல்’ என்ற தலைப்பில் ஒரே நிமிடத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். அதனால் பார்ப்பவரின் மனதில் எதுவும் நிற்பதில்லை. ஒரு காணொளியில் ஒரு வேலை மட்டும் இருக்க வேண்டும்; அந்த வேலையின் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

முளைகட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கைத் திறந்ததும் வெள்ளை முளைகளோடு ஆவி பறக்கும் நெல்லை முதற்காட்சியாக வையுங்கள். அதன் பின்னர் காய்ந்த விதைநெல்லுக்குத் திரும்பி, ஊறவைத்ததையும், வடியவிட்டுக் கட்டியதையும் காட்டி, கைநிறைய அள்ளிச் சேற்றில் வீசுவதோடு முடித்துவிடுங்கள். முப்பது நாற்பது வினாடிகள் போதும். முடிவை முதலில் கண்டவர், அது எப்படி நடந்தது என்பதை அறியும்வரை காத்திருப்பார்.

இன்னொரு யோசனை பொறுமையை வேண்டுவது. ஆனால், எனக்கு மிகவும் விருப்பமானது. வயலில் ஒரு கட்டையை நட்டு, விதைப்பு முதல் அறுவடை வரை வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், அந்தக் கட்டையின் மேல் கைத்தொலைபேசியை ஒரே திசையில் வைத்துச் சில வினாடிகள் பதிவு செய்யுங்கள். காலபோகம் முழுவதும் இருபது வினாடிகளில் பச்சையாகிப் பொன்னிறமாகும். இடைப்பட்ட மாதங்களில் ஒவ்வொரு வாரத்துப் பதிவும் ஒரு சிறு காணொளியாகவும் பயன்படும். மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி போன்ற பாரம்பரிய நெல்லினங்களை உங்கள் ஊரில் எவராவது விதைக்கிறார் என்றால் அவருடைய வயலையும் இவ்வாறு பதிவு செய்யலாம். ஊரை விட்டுச் சென்றவர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

கேள்வி (முல்லைத்தீவுக் கடற்கரை, கருவாடு போடும் குடும்பத்தலைவி): பிள்ளை, நான் போடும் காணொளிகள் இருநூறு, முந்நூறு பார்வைகளோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றையும் வணக்கம் சொல்லி, என்னை அறிமுகப்படுத்தித்தான் தொடங்குகிறேன். எங்கே பிழை?

பதில்: அம்மா, உங்கள் பண்பில் பிழை இல்லை, அது வைக்கப்பட்ட இடம்தான் பொருத்தமற்றது. யூடியூப் ஷோர்ட்ஸ், டிக்டொக், ரீல்ஸ் எதுவாக இருந்தாலும், புதிய காணொளி முதலில் குறைந்த எண்ணிக்கையானோருக்கே காட்டப்படுகிறது. அவர்கள் நின்று பார்த்தார்களா, விரலால் தள்ளிவிட்டுப் போனார்களா, இறுதிவரை இருந்தார்களா, மீண்டும் பார்த்தார்களா, பிறருக்கு அனுப்பினார்களா என்பவற்றைக் கணித்த பின்னரே அது அடுத்த வட்டத்தினருக்குச் செல்கிறது. உங்களைத் தெரியாத ஒருவர், வணக்கம் முடியும் முன்பே தள்ளிவிடுகிறார்.

ஆகவே முதல் இரண்டு வினாடிகளில் கத்தி மீனுக்குள் இறங்கட்டும். சீலா மீனை முதுகால் பிளந்து ஒரே வீச்சில் விரிப்பது உங்களுக்கு அன்றாட வேலை. பார்ப்பவருக்கு அது வியப்பு. உப்பு அடைவதும், பரணில் காயவைப்பதும், மூன்றாம் நாள் மீனின் நிறம் மாறியிருப்பதும் தொடர்ந்து வரட்டும். ‘இந்தக் கருவாட்டில் உப்பு ஏன் பூப்பதில்லை தெரியுமா?’ என்று நீங்கள் கேட்பதாக இருந்தால், அந்தக் கேள்வியைக் கத்தி இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் எழுத்தாக ஓரத்தில் வைத்தால் போதும்.

யூடியூப் ஸ்டூடியோ செயலியில், காணொளியை நின்று பார்த்தவர்கள் எத்தனை வீதம், தள்ளியவர்கள் எத்தனை வீதம் என்று காட்டும் பகுதி இருக்கிறது. அதன் கீழேயுள்ள வரைகோடு எந்த வினாடியில் சரிகிறதோ அந்த இடத்தை மீண்டும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கமரா தேவையின்றி அலைந்திருக்கும், அல்லது சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பீர்கள். மொத்தப் பார்வை எண்ணிக்கையை விட இந்த வரைகோட்டில் இருந்துதான் நீங்கள் கற்றுக்கொள்வீர்கள்.

கேள்வி (மாங்குளம், மாணவர்): விலை குறைந்த கைத்தொலைபேசியில் தரமான காணொளி எடுக்க முடியுமா?

பதில்: முடியும். கமராக் கண்ணாடியை மென்துணியால் துடையுங்கள். புதியவர்களின் மங்கலான காணொளிகள் பலவற்றுக்குக் காரணம் விரல் பட்ட எண்ணெய்ப்பசைதான். கைத்தொலைபேசியை நிலைக்குத்தாகப் பிடித்து, 1080க்கு 1920 என்ற அளவில் பதிவு செய்யுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் கிடைக்கும் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு கடையில் கிடையாது. படத்தை விட ஒலிக்கே கூடுதல் கவனம் தேவை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளியில் பேசியதை எவராலும் கேட்க முடியாது. வேலையை வெளியில் பதிவு செய்துவிட்டு, குரலை வீட்டுக்குள், துணி நிறைந்த அலுமாரிக்கு அருகில் இருந்து, கம்பியுள்ள சாதாரண காதொலிப்பானின் ஒலிவாங்கியில் பதிவு செய்து சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான், பனையோலைத் தொழில் செய்பவர்): அக்கா, முகத்தைக் காட்ட வீட்டில் விருப்பமில்லை, எனக்கும் கூச்சமாக இருக்கிறது. முகம் இல்லாமல் எவர் பார்ப்பார்கள்?

பதில்: தங்கச்சி, ஓலை பின்னும் காணொளியில் பார்வையாளர் தேடுவது உங்கள் விரல்களையே. கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே கட்டி, கைகளையும் ஓலையையும் மட்டும் சட்டத்துக்குள் வையுங்கள். ஈர்க்குக் கிழிக்கும் சத்தத்தையும் ஓலையை வாரும் சத்தத்தையும் பாட்டால் மூடிவிடாதீர்கள். அந்த ஒலிக்காகவே இறுதிவரை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நீத்துப்பெட்டி பின்னி முடித்ததும் அதில் மாவை இட்டு அவித்துக் காட்டுங்கள். பின்னுவது தொடங்கிப் புட்டு ஆவியோடு கொட்டப்படுவது வரை ஒரு பொருளின் முழுப்பயணமும் ஒரே நிமிடத்தில் அடங்கிவிடும்.

குரல் கொடுக்க இயலுமானால் கொடுங்கள். அதில் உங்கள் ஊர்ப் பேச்சே இருக்கட்டும். தொலைக்காட்சித் தமிழுக்கு மாற்றிப் பேசினால் கைகளும் குரலும் வெவ்வேறு ஆட்களுடையவை போலத் தோன்றும். குரல் வேண்டாம் என்றால் சிறு சிறு வரிகளாக எழுத்தை இடுங்கள். திரையின் அடிப்பகுதியைத் தலைப்பும் வலது ஓரத்தைப் பொத்தான்களும் மறைத்துவிடும் என்பதால், எழுத்தை நடுப்பகுதிக்குச் சற்று மேலே வைப்பது நல்லது.

கேள்வி (மல்லாவி, இளைஞர்): அண்ணன்மார் பலர் ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குச் சென்று, அவர்களுடைய துன்பத்தைக் காட்டி, உலர் உணவுப் பொதி கொடுக்கும் காணொளிகளால் விரைவில் பெயர் பெற்றார்கள். நானும் அவ்வாறு தொடங்க நினைக்கிறேன். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: தம்பி, இந்த யோசனையை நீங்கள் கைவிட வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய காணொளிகள் பார்வைகளைப் பெறுகின்றன. சில குடும்பங்களுக்கு வெளிநாட்டு உறவுகளின் உதவியும் கிடைத்திருக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், 2009 வரை நடந்தவற்றில் பிள்ளையையும் கணவனையும் வீட்டையும் இழந்த ஒரு தாய், ஒரு பொதி அரிசிக்காகக் கமராவுக்கு முன்னால் அழ வேண்டியிருப்பதை உதவி என்று சொல்ல என்னால் முடியாது. அவர் சம்மதம் தந்தார் என்பீர்கள். பொதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் சம்மதத்தை அவர் எப்படி மறுப்பார்? அந்தக் காணொளி அவருடைய மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும், நாளை அவளுக்குத் திருமணம் பேசி வரும் வீட்டுக்கும் போய்ச் சேரும். நீங்கள் அழித்துவிட்டாலும் வேறொருவர் எடுத்து மீண்டும் பதிவேற்றியிருப்பார்.

அந்தக் குடும்பத்துக்கு உதவ விரும்பினால் அவர்களுடைய தொழிலைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தாய் மிக்சர் போடுகிறார் என்றால் மிக்சர் போடுவதையும், கோழி வளர்க்கிறார் என்றால் அந்தக் கோழிகளையும் காட்டி, எங்கே வாங்கலாம் என்று சொல்லுங்கள். பதிவு முடிந்ததும் அவருக்குக் காட்டி, அவர் வேண்டாம் என்ற பகுதியை அகற்றிய பின்னரே வெளியிடுங்கள். பிள்ளைகளின் முகம், பாடசாலைச் சீருடை, வீட்டு வழி ஆகியவை எந்தக் காணொளியிலும் வர வேண்டாம். உங்களுக்குப் பெயர் வருவதற்குச் சற்று நாள் எடுக்கும். ஆனால் எந்த வீட்டு வாசலிலும் மீண்டும் போய் நிற்கலாம்.

கேள்வி (விசுவமடு, கச்சான் வியாபாரம்): எனக்குப் பெரிய எண்ணிக்கை தேவையில்லை. கச்சான் விற்றால் போதும். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, நீங்கள் மிகத் தெளிவாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவை ஏ9 வீதியாலும் முல்லைத்தீவு வீதியாலும் போய்வருபவர்கள். தாச்சியில் சுடுமணலோடு கச்சான் புரளும் சத்தத்தில் தொடங்கி, ஒன்றை உடைத்துப் பருப்பைக் காட்டி, கடை இருக்கும் சந்தியையும் திறந்திருக்கும் நேரத்தையும் பொதியின் விலையையும் எழுத்தில் கொடுங்கள். பதிவேற்றும்போது இடத்தைக் குறிப்பிடுங்கள். ஊர்ப் பெயரைத் தலைப்பில் தமிழில் எழுதுங்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வரும் கூட்டத்தை எண்ணி, அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே சில காணொளிகளை வெளியிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் முந்நூறு பேர் பார்த்தாலே உங்கள் நோக்கம் நிறைவேறிவிடும்.

கேள்வி (நெடுங்கேணி): திரைப்படப் பாடல்களைப் பின்னணியில் சேர்க்கலாமா?

பதில்: செயலிக்குள் இருக்கும் ஒலி நூலகத்தில் இருந்து எடுங்கள், வெளியில் இருந்து எடுத்து ஒட்ட வேண்டாம். 2024 ஒக்டோபர் முதல் ஷோர்ட்ஸ் மூன்று நிமிடம் வரை இருக்கலாம் என்றாலும், ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியில் உரிமை கோரப்பட்ட இசை இருந்தால் யூடியூப் அதை முழுவதுமாகத் தடுத்துவிடும். இதைவிட நல்ல வழி நம் ஊரிலேயே இருக்கிறது. அரிவி வெட்டுப் பாடலும் தாலாட்டும் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு பாடவைத்துப் பதிவு செய்து, அந்தக் குரலையே உங்கள் வயற்காட்சிகளுக்குப் பின்னணியாக வைத்தால் வேறெவரிடமும் இல்லாத இசை உங்களுக்குக் கிடைக்கும்.

கேள்வி (வவுனியா): எந்தத் தளத்தில், எந்த நேரத்தில் வெளியிட வேண்டும்?

பதில்: தமிழ்நாட்டுப் பார்வையாளர்களும் வேண்டும் என்றால் டிக்டொக்கை மட்டும் நம்ப வேண்டாம், இந்தியாவில் அது 2020 ஜூன் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒரே காணொளியை மூன்று தளங்களிலும் இடலாம். ஆனால், ஒரு தளத்தின் முத்திரை பதிந்த பிரதியை இன்னொன்றில் இடாமல், மூலப் பிரதியையே பதிவேற்றுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, நம் இரவு எட்டு மணி கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் மூன்றரையும், பாரிசில் நாலரையும், ரொறன்ரோவில் காலை பத்தரையுமாக இருக்கும். உறவுகள் எங்கே இருக்கிறார்களோ அதைப் பார்த்து முடிவு செய்யலாம். நல்ல குறுங்காணொளி பல வாரங்கள் கழித்தும் பரவக்கூடியது என்பதால் நேரத்தை எண்ணி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு, இரு நண்பர்கள்): வன்னியின் இடங்களையும் வரலாற்றையும் காட்ட விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: ஒரு பொருளில் இருந்து தொடங்குங்கள். ‘வன்னியின் வரலாறு’ ஒரு நிமிடத்தில் அடங்காது. கற்சிலைமடுவில் உள்ள நினைவுக்கல் அடங்கும். அங்கே ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னி மன்னன் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31 அன்று தோற்கடித்ததாகக் கல் கூறுகிறது. கல்லை அருகில் காட்டுங்கள், அதே ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டை பண்டாரவன்னியனிடம் வீழ்ந்திருந்தது என்பதை அதனோடு சேர்த்துச் சொல்லுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கும் நாளும் நல்ல காணொளியைத் தரும். ஆனால், பாயும் தண்ணீருக்குள் எவரும் இறங்கிப் பதிவு செய்ய வேண்டாம்.

கண்ணிவெடி அபாயத்தைக் காட்டும், மண்டையோட்டுச் சின்னம் இட்ட சிவப்புப் பலகைகளைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். கைவிடப்பட்ட காணிகளுக்குள் படம் தேடிச் செல்ல வேண்டாம். அறியாத இரும்புப் பொருளைத் தொடவோ அருகில் சென்று படம் எடுக்கவோ வேண்டாம். யானை வீதியைக் கடந்தால் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. அவற்றை அறிந்து அனுமதி பெற்ற பின்னரே வானில் ஏற்றுங்கள். கோயில்களில் கருவறையைப் பதிவு செய்வதற்கு முன் நிருவாகத்திடம் கேளுங்கள்.

கேள்வி (பூநகரி): வருமானம் எப்போது வரும்?

பதில்: யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, 90 நாட்களில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வைகளோ, 12 மாதங்களில் நீண்ட காணொளிகளுக்கு 4,000 மணிநேரப் பார்வையோ தேவை. ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் ஷோர்ட்ஸ் ஓடையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணிநேரத்தில் சேராது என்பதைப் பலர் பின்னரே அறிகிறார்கள். ஒரு கோடி எளிதில் எட்டக்கூடிய எண் அல்ல. ஆகவே குறுங்காணொளியால் ஆட்களைச் சேர்த்து, மாதம் ஒன்றோ இரண்டோ நீண்ட காணொளிகளுக்கு அவர்களை அழைத்துச் செல்வதே நம் நிலையில் உள்ளவர்களுக்குப் பொருத்தமான வழி என்பது என் கருத்து.

கணக்கில் பத்து டொலர் சேர்ந்ததும் கூகுள் நிறுவனம் உங்கள் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். நூறு டொலரைத் தொட்ட பின்னரே பணம் வங்கிக்கு வரும். முகவரியை அடையாள அட்டையில் உள்ளவாறு, வீட்டு இலக்கம் இல்லாத இடங்களில் வீதிப் பெயரையும் கிராமத்தையும் சேர்த்து எழுதி, அப்படி ஒரு கடிதம் வரும் என்று தபாற்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.