தங்கத் தகடு சோதனை ஒரே நாளில் அணுவின் படத்தை மாற்றிவிட்டதா?

கேட்டிருப்பது இதுதான்: "தாம்சனின் அணு மாதிரி தப்பு என்று ரூதர்ஃபோர்டு ஒரே ஒரு தங்கத் தகடு சோதனையில் எப்படி நிரூபித்தார்?"

ஒரே சோதனையில் நிரூபிக்கவில்லை. துகள்களை எண்ணி உட்கார்ந்திருந்ததும் ரூதர்ஃபோர்டு இல்லை. பள்ளியில் தாம்சன், அடுத்த பக்கத்தில் ரூதர்ஃபோர்டு, அதற்கடுத்து நீல்ஸ் போர் என்று படித்ததால் நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு 1911-ல் வந்த ரூதர்ஃபோர்டின் கட்டுரையைப் படித்தபோதுதான் பக்கத்துக்குப் பக்கம் நடுவே எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று புரிந்தது.

முதலில் தாம்சன். 1897-ல் எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர். அணுவுக்குள் எதிர் மின்சுமை இருக்கிறதென்றால் அதைச் சரிக்கட்ட நேர் மின்சுமையும் எங்கோ இருக்க வேண்டும். அது அணு முழுக்கப் பரவியிருக்கிறது, எலக்ட்ரான்கள் அதற்குள் வளையம் வளையமாகச் சுற்றுகின்றன என்று 1904-ல் கணக்கோடு எழுதினார். தர்பூசணிக்குள் விதை போல எலக்ட்ரான்கள் என்று நமக்குச் சொல்லித் தந்ததில் அந்தச் சுற்றல் காணாமல் போய்விட்டது. அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்கு அது நல்ல மாதிரிதான்.

1909, மான்செஸ்டர். ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகர் வேலை பார்க்கிறார். எர்னஸ்ட் மார்ஸ்டன் இருபது வயது மாணவர். ஆல்ஃபா துகள்கள் (நேர் மின்சுமையோடு வேகமாகப் பாயும் சின்னத் துகள்கள்) ஏதாவது உலோகத்தில் பட்டுத் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. கருவி என்றால் துத்தநாக சல்ஃபைடு பூசிய திரை, அதை நோக்கி ஒரு நுண்ணோக்கி, அவ்வளவுதான். ஒவ்வொரு துகள் பட்டதும் திரையில் ஒரு சின்ன மின்னல். அதைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். கரண்ட் போனதும் முதலில் ஒன்றும் தெரியாமல், கொஞ்ச நேரம் கழித்துத்தானே அடுக்களைப் பாத்திரங்கள் உருத் தெரிய ஆரம்பிக்கும்? அதேபோல இவர்களும் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகுதான் எண்ணத் தொடங்க முடியும். ரூதர்ஃபோர்டுக்கு இந்த வேலைக்குப் பொறுமையே கிடையாது.

திரும்பி வந்தன. சுமார் 8000-க்கு ஒன்று. (இந்த எண் பிளாட்டினத் தகட்டில் கிடைத்தது. ஈயம், வெள்ளி, செம்பு, இரும்பு, அலுமினியம் என்று இன்னும் பல உலோகங்களிலும் பார்த்தார்கள். தங்கத்துக்கு மட்டும் எப்படியோ பேர் நின்றுவிட்டது.)

அணு முழுக்கப் பரவிய மின்சுமைக்கு இவ்வளவு வேகமான துகளைத் திருப்பியனுப்பும் பலம் இருக்காது. சரி, உடனே தாம்சன் மாதிரி விழுந்ததா? இல்லை. தகட்டுக்குள் துகள் போகும் வழியில் ஏராளமான அணுக்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எல்லாம் சேர்ந்து பெரிய திருப்பமாகிவிடலாம் அல்லவா? இந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. சின்னத் திருப்பங்கள் அப்படிச் சேர்வதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஒரே மோதலில்தான் துகள் திரும்பியிருக்க வேண்டும், அதற்கு மின்சுமை மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ரூதர்ஃபோர்டு வெளியிட்டது 1911-ல்தான்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் மின்சுமை நேரா எதிரா என்பதற்கு இன்னும் உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்! நடுவில் நேர் மின்சுமை என்று நாம் ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதிய விடை, கண்டுபிடித்தவருக்கே அப்போது நிச்சயமில்லை. அணு நிலையாக நிற்குமா என்ற கேள்வியையும் இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்துவிடுகிறார்.

தள்ளி வைத்தது பெரிய பிரச்சினை. சுற்றும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து, ஆற்றலை இழந்து, கண் இமைப்பதற்குள் நடுவில் போய் விழ வேண்டும். அதனால் இந்த அணுவை அன்றைக்குப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1913-ல்தான் நிலைமை மாறியது. ஒரு பக்கம் கைகரும் மார்ஸ்டனும் கோணம், தகட்டின் தடிமன், துகளின் வேகம் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னல்களை எண்ணி, எந்தக் கோணத்தில் எத்தனை துகள் திரும்பும் என்ற ரூதர்ஃபோர்டின் சூத்திரம் சரி என்று காட்டினார்கள். இன்னொரு பக்கம் நீல்ஸ் போர், சில குறிப்பிட்ட பாதைகளில் சுற்றும்போது எலக்ட்ரான் ஒளியை உமிழாது என்று துணிந்து வைத்துக்கொண்டு, ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை (அது உமிழும் ஒளியைப் பிரித்தால் தெரியும் தனித்தனி நிறக் கோடுகளை) கணக்கில் கொண்டுவந்துவிட்டார். ஏன் உமிழாது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. ஹீலியத்துக்கு வந்ததும் அந்த மாதிரியும் தடுமாறியது. 1925, 1926-ல் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் ஆகியோரின் குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு பாதை என்பதே போய்விட்டது; எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும்.

அப்போதும் நடுவில் இருக்கும் அந்த அணுக்கரு முழுதாகப் புரிந்திருக்கவில்லை. அதற்குள்ளும் எலக்ட்ரான்கள் இருப்பதாகவே நினைத்தார்கள். 1932-ல் சாட்விக் மின்சுமையே இல்லாத நியூட்ரானை அணுக்கருவில் கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்தப் படம்தான்.