‘சர்தாக்’ இருக்கிறது என்றால் பரண் இருக்கிறதா?

கேள்வி: ரஷ்யாவில் ஆறு ஆண்டுகள் படித்ததால் ரஷ்ய மொழி நன்றாக வரும். இப்போது வேலைக்காகப் பல்கேரியாவின் பிளோவ்திவ் நகருக்குப் போகிறேன். அங்கே ஒரு வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘சர்தாக்’ உண்டு என்று போட்டிருக்கிறது. ரஷ்ய மொழியில் ‘செர்தாக்’ என்றால் கூரைக்கு அடியில் உள்ள பரண். இரண்டுமே துருக்கியிலிருந்து வந்த சொல்தானே, அதே பொருளில் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பல்கேரியாவில் சர்தாக் என்பது பழைய பாணி வீடுகளில் மரத்தூண்கள் தாங்கும் திறந்த தாழ்வாரம். நம் ஊர்த் திண்ணையை மாடிக்கு ஏற்றிக் கைப்பிடி வைத்தது போல இருக்கும். பரண் என்று நம்பிப் பெட்டிகளைப் போட்டால் சாரலில் நனைந்துவிடும். பரண் வேண்டுமென்றால் ‘தவான்’ இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் துருக்கியச் சொல்தான். துருக்கியில் அது உட்கூரை. பல்கேரியர்கள் அந்த உட்கூரையையும் அதற்கு மேலே உள்ள பரணையும் ஒரே பெயரில் சொல்கிறார்கள்.

சொல் ஒன்றாக இருந்தாலும் வந்த வழி வேறு. ரஷ்ய மொழியில் உள்ள பழைய துருக்கியச் சொற்களில் பல, 13ஆம் நூற்றாண்டு முதல் வோல்கா ஆற்றுப் பக்கம் ஆண்ட, மங்கோலியர் நிறுவிய தங்கக் கூட்ட அரசின் காலத்தில் வந்தவை. பல்கேரியாவோ சுமார் 500 ஆண்டுகள் துருக்கியின் உஸ்மானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அதனால் அங்கே சந்தேகம் வந்தால் ரஷ்ய அகராதியை மூடிவிட்டுத் துருக்கி அகராதியைப் பாருங்கள். துருக்கியில் ‘சர்தாக்’ கொடிப்பந்தல், அதாவது திறந்த அமைப்பு. பல்கேரியப் பொருள் அதற்குத்தான் பக்கத்தில் இருக்கிறது.

‘சராய்’ இன்னும் நல்ல உதாரணம். மூலம் பாரசீகம், நமக்குத் தெரிந்த முகல்சராயில் இருப்பதும் அதே சொல்தான். துருக்கியிலும் பல்கேரியாவிலும் அது அரண்மனை. போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவின் பெயரே ‘அரண்மனைச் சமவெளி’ என்பதிலிருந்து வந்தது. தங்கக் கூட்டத்தின் தலைநகருக்கும் சராய் என்றுதான் பெயர். அப்படியிருந்தும் இன்றைய ரஷ்ய மொழியில் சராய் என்பது விறகும் மண்வெட்டியும் போட்டு வைக்கும் கொட்டகை!

‘தோவார்’ இந்த இரண்டு வழிகளுக்கும் முந்திய துருக்கியக் கடன்சொல். ரஷ்ய மொழியில் சரக்கு, பல்கேரியத்தில் சுமை, குரோவேஷியாவின் தல்மாத்சியக் கடற்கரையில் அந்தச் சுமையைத் தூக்கும் கழுதை. ஆகவே பல்கேரியக் கடையில் விற்பனைப் பொருளைக் கேட்க ‘ஸ்தோகா’ என்று சொல்லுங்கள்.

அப்புறம், பொருள் சரியாக இருந்தாலும் தொனி மாறலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் துருக்கிவழிச் சொல் ‘கொம்ஷியா’. செர்பியாவில் அது எல்லா இடத்திலும் செல்லும். பல்கேரியாவில் அது பேச்சு வழக்கு. வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதும்போது உங்களுக்குத் தெரிந்த ரஷ்ய ‘சசேத்’தின் உறவான ‘சசெத்’ என்றே எழுதுங்கள். மாடிப்படியில் அவர்களே உங்களை ‘கொம்ஷு’ என்று கூப்பிட ஆரம்பித்தால், நீங்களும் தாராளமாக அப்படியே கூப்பிடலாம்.