ஆம்ஸ்டர்டாமின் அழகான கஃபேக்களில் அமர்ந்து டச்சுத் தின்பண்டங்களைச் சுவைப்பது செலவுக்குத் தகுமா?

மூன்று நாள் பயணமாக ஆம்ஸ்டர்டாம் வருவதாகவும், நல்ல கஃபேக்களில் அமர்ந்து டச்சுத் தின்பண்டங்களைச் சுவைக்க ஆசைப்படுவதாகவும், உடன் வரும் அம்மா சைவம் என்பதால் தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்திருக்கும் பதில்களில் பாதி, 'டச்சுக்காரர்களுக்குச் சாப்பாடு என்று ஒன்றே கிடையாது, நேராக இந்திய உணவகத்துக்குப் போய்விடுங்கள்' என்கிற தொனியில் இருக்கின்றன. பல ஆண்டுகளாக நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் குடியிருந்து, ஊரிலிருந்து வரும் உறவினர்களையெல்லாம் ரயிலேற்றி ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில், இந்த ஏளனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

தகும் என்பதே என் பதில். ஆனால் மதியச் சாப்பாட்டை எதிர்பார்த்துக் கஃபேக்குள் நுழைபவருக்கு அந்த ஏளனம் நியாயமாகத்தான் தோன்றும். அந்த நேரத்தில் பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான் கிடைக்கும். மாலை நான்கு மணிக்கு மேல், வேலை முடித்தவர்கள் நண்பர்களோடு பீரோ ஒயினோ வைத்துக்கொண்டு உட்காரும் 'போரல்' வேளையில்தான் மேசைகளுக்குப் பொரித்த பண்டங்கள் வரத் தொடங்கும். அவற்றில் முதன்மையானது பிட்டர்பாலன். வெண்ணெயில் மாவை வறுத்து, இறைச்சிச் சாறு விட்டுக் கெட்டியாகக் கிளறி, மசிந்த இறைச்சி சேர்த்து, ஆறவைத்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கும் உருண்டை அது. மேலே மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே இருப்பதோ குழம்புக்கும் களிக்கும் இடைப்பட்ட ஒரு கொதிக்கும் பதம். தட்டில் வந்தவுடன் முழுதாக வாயில் போட்டுக்கொள்ளாமல், முள்கரண்டியால் உடைத்து ஆவியை விட்டு, கூடவே வரும் கடுகு விழுதில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

இதே பண்டத்தின் நீண்ட வடிவம்தான் குரோகெட். 1941இல் ரொட்டிக்கடையாகத் தொடங்கிய ஃபேபோவின் கிளைகளில், சுவரில் வரிசை வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் கதவுகள் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதாவது ஒரு பண்டம் சூடாகக் காத்திருக்கும். காசைப் போட்டுக் கதவைத் திறந்து எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ரெம்ப்ராண்ட்ப்ளைன் சதுக்கத்தின் அருகே 1945 முதல் நடந்துவரும் வான் டோபன் கடையில் அதையே மெத்தென்ற ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். வைசல்கிராக்ட் தெருவில் உள்ள ஹோல்ட்காம்ப் இனிப்பகம் இறால் குரோகெட்டுக்குப் பேர்போனது. அந்தக் குறுகலான கடையின் உள்ளலங்காரம் ஆம்ஸ்டர்டாம் பாணிக் கட்டடக் கலைஞர் பீட் கிராமர் 1928இல் செய்தது. லைட்செப்லைன் சதுக்கத்தில், வில்லம் குரோம்ஹவுட் வடிவமைத்து 1902இல் எழுந்த விடுதிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் கஃபே அமெரிக்கேன் கூடத்தையும் அவசியம் பாருங்கள். வளைந்த உயரமான கூரையையும் வண்ணக் கண்ணாடிகளையும் அண்ணாந்து பார்த்து முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். சீமானும் கூலிக்காரரும் ஒரே பண்டத்தைத் தின்னும் ஊர் இது. எனவே அழகான கஃபேயில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு நாற்காலிக்குத்தானே தவிர, பண்டத்துக்கு அல்ல.

இதை என்னைவிடச் சீக்கிரமாகப் பிடித்துக்கொண்டவர், நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் பெரியப்பா. கால்வாய்க் கரையில் ஒரு பழைய கஃபேயில் (பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது) இறால் குரோகெட்டும் காப்பியும் வாங்கிக் கொடுத்தேன். விலைப்பட்டியலைப் பார்த்தவர், "ஏன்டா தம்பி, அந்தச் சுவத்துல இதையேதானே கொறச்ச விலைக்கு வச்சிருந்தான்?" என்று கேட்டார். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் ஆகியும் பில் வரவில்லை. நாமாகக் கேட்காமல் இங்கே கொண்டுவர மாட்டார்கள். ஊர் ஓட்டலில் என்றால் நாம் கை கழுவுவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றிருப்பார் அல்லவா? அந்தப் பழக்கத்தில் பெரியப்பா அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுப்ப வரவில்லை என்று உறுதியானதும் காலை நீட்டிக்கொண்டு, படகுகளை எண்ணியபடி இன்னொரு காப்பி கேட்டார். விலையைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவே இல்லை.

குரோகெட்டிலும் பிட்டர்பாலனிலும் வழக்கமாக இருப்பது மாட்டிறைச்சி அல்லது கன்றிறைச்சி. இதைச் சொன்னவுடன் அரசியல் பேசுகிறேன் என்று யாரும் பாய வேண்டாம். உண்பவர் உண்ணட்டும், எனக்கு அதில் கருத்தே இல்லை. பெரியப்பா அதை உண்பதில்லை, ஆகவே அவருக்கு முன்கூட்டியே சொன்னேன். தெரியாமல் யாரும் தின்றுவிடக் கூடாது என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

மீன் சாப்பிடுபவர்கள் தள்ளுவண்டிக் கடையில் ஹாரிங் மீனை விட்டுவிடக் கூடாது. பச்சை மீன் என்று முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: செவுளையும் குடலையும் நீக்கும்போது கணையத்தை மட்டும் விட்டுவைத்து உப்பிடுகிறார்கள், அதிலுள்ள நொதிகள்தான் சதையைப் பக்குவப்படுத்துகின்றன. ஒட்டுண்ணிகள் அழிவதற்காக உறையவும் வைக்கிறார்கள். ஜூன் மாதத்தில் புதிய பருவத்து மீன் வரும். ஆம்ஸ்டர்டாமில் துண்டு போட்டு, நறுக்கிய வெங்காயமும் ஊறிய வெள்ளரியும் சேர்த்துத் தருவார்கள். பெரியப்பா இரண்டு துண்டை மென்றுவிட்டு, "பாதிக் கருவாடு, ஆனா நல்லா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். கடற்கரைக்காரர் வாயிலிருந்து அது சாதாரணமாக வராது.

இனி என் மனக்குறை. மேற்படி கஃபேயில் பெரியப்பா மாத்திரை விழுங்க ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீர் கேட்டேன். தருவதில்லை என்று சொல்லி, ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து வைத்து, காப்பிக்குச் சற்றுக் குறைவான தொகையைப் பில்லில் ஏற்றினார்கள். 1853 முதல் கடலோர மணற்குன்றுகளிலிருந்து நீர் பெற்றுவரும் நகரம் இது. குளோரின் வாடையில்லாமல் குழாயில் வரும் அந்தத் தண்ணீரைப் பற்றி இவர்களுக்கு எவ்வளவு பெருமை! வயதானவருக்கு அதில் ஒரு வாய் கொடுக்க மனம் வராததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 'வியாபாரம் என்றால் அப்படித்தான்' என்று பின்னூட்டம் எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். கேட்டவுடன் புன்னகையோடு கொண்டுவந்து தரும் இடங்களும் உண்டு. இருந்தாலும் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. மாலையில் காஸ்ஸ்டெங்கல் எனப்படும் பொரித்த சீஸ் குச்சிகளைக் கேளுங்கள். பல கஃபேக்களில் காளான் அல்லது காய்கறி வைத்த பிட்டர்பாலனும் உண்டு. ஃபேபோ சுவரில் காஸ்சூஃப்ளே இருக்கும், உள்ளே சீஸ் மட்டும்தான். ஆனால் இறைச்சி பொரிக்கும் எண்ணெயிலேயே இவற்றையும் பொரிக்கக்கூடும். உருளைக்கிழங்கைச் சில கடைகள் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. அவர் சைவத்தில் கண்டிப்பானவர் என்றால் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுவிடுங்கள். முட்டை ஆகும் என்றால், பிரின்சன்கிராக்ட் கால்வாய் முனையில் 1642ஆம் ஆண்டைத் தன் பிறப்பாகச் சொல்லிக்கொள்ளும் பாப்பனைலண்ட் கஃபேக்கு அழைத்துச் செல்லுங்கள். டெல்ஃப்ட் எனப்படும் நீல வெள்ளைச் சித்திர ஓடு பதித்த சுவரும் பழைய அடுப்புமாக இருக்கும் அந்தச் சிறிய அறையில் கிடைக்கும் ஆப்பிள் கேக்கை 2011இல் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் வந்து உண்டிருக்கிறார். டச்சு ஆப்பிள் கேக்கில் பட்டை மணம் தூக்கலாகவே இருக்கும். இலங்கையின் பட்டை வணிகத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் இவர்கள். 1658 முதல் 1781 வரை பெரியப்பாவின் நாகப்பட்டினமும் இவர்களிடம்தான் இருந்தது.

மூன்று நாளில், தினமும் ஒரு மாலையைக் கஃபேக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற வேளைகளில் தெருக்கடைகளில் நின்றபடி சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் நான்கு மணிக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் கால்வாய் ஓர நாற்காலி எதுவும் காலியாக இருக்காது.