ஒரே குதிரைவலு, இரண்டு விதக் கிளட்ச்: எதை வாங்குவது?

களுவாஞ்சிகுடிப் பக்கம் நாற்பது வருடமாக உழவு இயந்திரம் பிரித்துப் பூட்டுபவன் நான். பெரும்போக உழவு நெருங்கினால் எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

வவுணதீவு: அண்ணன், ஒரே மாடலில் இரண்டு பார்த்தேன். ஒன்று ஒற்றைக் கிளட்ச், மற்றது இரட்டைக் கிளட்ச். இரட்டைக்கு விலை கூட. சொந்த வயல் ஆறு ஏக்கர், கூலிக்கும் உழுவேன்.

தம்பி, பின்னால் எதைப் பூட்டப் போகிறீர்கள்? கொழுக் கலப்பையும் இழுவைப் பெட்டியும் மட்டும் என்றால் ஒற்றையே போதும், மிச்சக் காசை டயரில் போடுங்கள். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் என்றால் கதை வேறு. ஒற்றைக் கிளட்சை மிதித்தால் சில்லும் நிற்கும், பின்னால் பூட்டிய கருவியைச் சுழற்றும் ஷாஃப்டான பி.ரீ.ஓ.வும் நிற்கும். கியர் மாற்றும்போதெல்லாம் கத்தி சேற்றுக்குள் நின்றுவிடும். மறுபடி கிளப்பும் பாரம் முழுவதும் கிளட்ச் பிளேட்டின் தலையில்தான். இரட்டையில் பாதி மிதித்தால் சில்லு மட்டும் நிற்கும், முழுதும் மிதித்தால்தான் பி.ரீ.ஓ. நிற்கும்.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். மஸி பேர்குசன் 135 போன்றவற்றில் ஹைட்ரோலிக் பம்பும் பி.ரீ.ஓ. வழியில்தான் சுழல்கிறது. ஒற்றைக் கிளட்சை மிதித்த நிலையில் கலப்பை மேலே வராது. வரம்போரம் வந்து, சில்லை நிறுத்தி, கலப்பையைத் தூக்கித் திரும்ப நினைப்பவனுக்கு இது பெரிய தொல்லை. கூலிக்கு உழுபவர் இரட்டை எடுப்பதே சரி.

சம்மாந்துறை: வைக்கோல் கட்டும் மெஷினுக்கும் இரட்டை போதுமா?

ஓடும், ஆனால் பி.ரீ.ஓ.வுக்குத் தனி நெம்புகோல் உள்ள சுயாதீனக் கிளட்ச் கிடைத்தால் அதை எடுங்கள். வைக்கோல் குவியல் தடித்த இடத்தில் சில்லை நிறுத்தி, மெஷின் விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரட்டையில் அவ்வளவு நேரமும் காலைப் பாதியிலேயே பிடித்திருக்க வேண்டும். கால் களைத்து ஒரு கணம் ஆழமாக அழுந்தினால் எல்லாமே நின்றுவிடும்.

வெல்லாவெளி: என்னிடம் உள்ள ஒற்றையை இரட்டையாக மாற்றலாமா?

வேண்டாம். பிளேட் மட்டும் மாற்றும் வேலை அல்ல அது. இரட்டையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஷாஃப்ட் ஓடுகின்றன. கியர்ப்பெட்டிவரை கை வைக்க வேண்டிவரும். விற்றுவிட்டு வேறு வாங்குவது மலிவு.

அக்கரைப்பற்று: பழையது வாங்கும்போது கிளட்சை எப்படிச் சோதிப்பது?

இரட்டைக் கிளட்ச் என்றால், சமதரையில், பின்னால் எதுவும் பூட்டாமல், பி.ரீ.ஓ.வைப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். பாதி மிதித்தால் சில்லு நிற்க வேண்டும், பி.ரீ.ஓ. ஷாஃப்ட் சுழல வேண்டும். முழுதும் மிதித்தால் ஷாஃப்டும் நிற்க வேண்டும். முழுதும் மிதித்தும் அது சுழன்றால் சீரமைப்புப் பிசகியிருக்கிறது, இல்லாவிட்டால் பிளேட் போய்விட்டது. பிறகு குனிந்து கிளட்ச் கூட்டின் அடியைப் பாருங்கள். அங்குள்ள சிறு துளையில் எண்ணெய் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. எண்ணெய் பட்ட பிளேட் வழுக்கும், இயந்திரத்தை நடுவால் பிரிக்காமல் அதைத் திருத்த முடியாது. புதுப் பெயின்ட் அடித்து, அந்தத் துளையை மட்டும் துடைத்து வைத்திருந்ததையும் கண்டிருக்கிறேன்.

கொக்கட்டிச்சோலை: கூலிக்கு வரும் டிரைவர் எந்நேரமும் கிளட்சில் காலை வைத்திருக்கிறான், அண்ணன். நான் சொன்னால் கேட்பதில்லை.

தங்கச்சி, அப்படிக் கால் வைத்தே கிளட்ச் பேரிங் தேய்ந்த பில்லை ஒருதரம் அவனிடமே கொடுங்கள்.

நிந்தவூர்: பி.ரீ.ஓ. ஷாஃப்ட் கவர் உடைந்துவிட்டது. இந்தப் போகம் அப்படியே ஓட்டலாமா?

ஒரு நாள்கூட வேண்டாம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் செக்கனுக்கு ஒன்பது. சாரன் நுனி சிக்கினால் கிளட்சை மிதிக்க ஆள் ஓடிவரும் முன் எல்லாம் முடிந்துவிடும். கவரைப் போட்டபின் உழவைத் தொடங்குங்கள்.