பிசியோதெரபி முடித்தவருக்கு முதல் வேலை: சம்பளம் கூடுதலான கிளினிக்கா, கற்றுக்கொள்ள ஆள் இருக்கும் மருத்துவமனையா?

கேள்வி: பிசியோதெரபி பட்டம் முடித்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு கிளினிக்கில் கூப்பிடுகிறார்கள், சம்பளம் பரவாயில்லை. ஒரு மருத்துவமனையிலும் இடம் இருக்கிறது, ஆனால் சம்பளம் அதைவிடக் குறைவு. எதில் சேரலாம்? இந்தத் துறையில் மேலே போக வழி உண்டா, இல்லை உடனே மேற்படிப்புக்குப் போய்விடுவதா?

பதில்:

பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கடைசி ஆறேழு வருடமாகப் புதியவர்களை நேர்காணல் செய்யும் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

நான் முதலில் சேர்ந்தது நீங்கள் சொல்வது போன்ற ஒரு கிளினிக்கில்தான். எட்டுக் கட்டில், நடுவில் திரை, கட்டிலுக்கு ஒரு மின்சிகிச்சை மெஷின். நோயாளி வருவார், முதுகில் நான்கு பேட் ஒட்டுவேன், டைமரைத் திருகுவேன், அடுத்த கட்டிலுக்கு ஓடுவேன். காலையில் பதினைந்து பேர், மாலையில் இருபது பேர். சம்பளம் சரியான தேதிக்கு வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது மாதத்தில் ஒரே ஒரு நோயாளியைக்கூட முழுதாகப் பரிசோதித்த நினைவு எனக்கில்லை. குணமானவர்கள் எதனால் குணமானார்கள், பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று எனக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

அப்புறம் ஒரு மருத்துவமனை நேர்காணலுக்குப் போனேன். கேள்வி எளிமையானது: பக்கவாதம் வந்து மூன்றாம் நாள், நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும், செய்து காட்டு. அங்கிருந்த ஊழியர் ஒருவர் நோயாளியாகப் படுத்துக்கொண்டார். நான் போய் செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்தேன்.

அந்தத் தோளைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துபோயிருக்கும், கையை இழுத்தால் மூட்டு நழுவும், வாரக்கணக்கில் வலி நிற்கும். இதைக் கல்லூரியில் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒன்பது மாதம் டைமர் திருகியதில் கை எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஆனாலும் என்னை எடுத்துக்கொண்டார்கள், பயிற்சி நிலைப் பணியில், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. அப்போது அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால் என் தொழில் தொடங்கியதே அன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது.

அங்கே ஒரு மூத்த பிசியோ இருந்தார். முழங்கால் மாற்று அறுவை முடிந்த ஒரு அம்மா, இரண்டாம் நாளும் எழுந்து நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். நான் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த மூத்த பிசியோ மேடம் அதைப் படித்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படுத்த நிலையில் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்தார், கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து ஒரு முறை பார்த்தார். உட்கார்ந்ததும் அழுத்தம் தடாலென்று இறங்கியது. அந்த அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது, விழுந்துவிடுவோமோ என்று பயந்திருக்கிறார், சொல்லத் தெரியவில்லை. "இனிமே ஒத்துழைக்கலைன்னு எழுதுறதுக்கு முன்னாடி, ஏன்னு ஒரு வரி எழுதிப் பழகு" என்றார் மேடம். அவ்வளவுதான் பாடம், இரண்டு நிமிடம்கூட இல்லை. எந்த மேற்படிப்பிலும் எனக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை.

அதனால் முதல் வேலையை எடைபோடும்போது நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் வேலை செய்வதை அங்கே யார் பார்ப்பார்கள்? உங்கள் கை தப்பான இடத்தில் இருந்தால் நகர்த்திவிட ஆள் உண்டா? சம்பளம், பதவிப் பெயர், கட்டடம் எல்லாம் அடுத்ததுதான். வீட்டில் கடன் இருக்கிறது, உடனே பணம் வேண்டும் என்றால் அது வேறு கதை, அதில் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இரண்டு வருடம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க முடியும் என்றால் கற்றுக்கொள்ளும் இடமே லாபம்.

சரி, வேலை வாய்ப்பு எப்படி? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடிய உடல்நிலையோடு உலகில் சுமார் 240 கோடிப் பேர் வாழ்கிறார்கள். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்த்துவிட்டு 'அப்புறம் ஏன் எனக்கு வேலை இல்லை' என்று பலர் கோபப்படுகிறார்கள். தேவை வேறு, பணியிடம் வேறு. முதுகு வலிக்கிற ஆள் இருக்கிறார் என்பதால் ஒரு நாற்காலி உருவாகிவிடாது. மருத்துவமனை நிர்வாகமோ காப்பீட்டு நிறுவனமோ அரசோ அதற்குக் காசு ஒதுக்க வேண்டும். இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்த காலங்களைப் பார்த்தாலே இது புரியும். முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்கள், அதன் பிறகு அலையலையாக வந்த இளம்பிள்ளை வாதம். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோக எந்த அரசாலும் முடியவில்லை, ஆகவே இடங்கள் உருவாயின.

இப்போது இடங்கள் கூடக்கூடிய பக்கம் முதியோர் பராமரிப்பு, பக்கவாத மறுவாழ்வு, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சிகிச்சை, நுரையீரலும் ஐசியுவும். புதிதாக வருகிறவர்களோ பத்தில் எட்டுப் பேர் விளையாட்டு வீரர்களோடு வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். இது ஆய்வு அல்ல, என் எதிரே வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு. ஒரு அணிக்கு ஒரு பிசியோ, இரண்டு பிசியோ. வரிசையோ மிக நீளம். ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே முதல் கதவாக நினைத்துக் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

முதல் இரண்டு வருடத்தில் சுழற்சிப் பணி கிடைத்தால் விடாதீர்கள். சில மாதம் எலும்பு மூட்டு, சில மாதம் நரம்பியல், சில மாதம் நெஞ்சு, சில மாதம் குழந்தைகள் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். பிரிட்டனில் புதிதாகத் தகுதி பெற்றவர்களுக்கு இது பழகிப்போன ஏற்பாடு. முறையான சுழற்சி இல்லாத இடத்திலும் கேட்டு வாங்கலாம். எனக்கு ஐசியு என்றால் பயம், அலாரம் அடித்தாலே கை நடுங்கும். நான்கு மாதம் அங்கே போட்டார்கள். செயற்கை சுவாசத்தில் இருக்கும் ஒருவரின் சளியை வெளியேற்றி, ஆக்ஸிஜன் அளவு மெல்ல ஏறுவதைத் திரையில் பார்த்த அன்று அந்தப் பயம் போயிற்று. குழந்தைகள் பிரிவுதான் எனக்குப் பிடிக்கும் என்று சத்தியம் செய்துகொண்டு வந்தவன் நான். கடைசியில் நரம்பியலில் போய் நின்றேன். பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

நேர்காணலில் நாங்கள் என்ன தேடுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரிய நோய்களின் பெயர்கள் அல்ல. உங்களைத் தனியாக ஒரு நோயாளியிடம் விட்டால் அவருக்கு ஆபத்து வராது என்ற நம்பிக்கை வேண்டும், அவ்வளவே. முழங்கால் அறுவை முடிந்து நான்காம் நாள், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது, நடைப்பயிற்சி கொடுப்பீர்களா? இப்படிக் கேட்போம். 'நிறுத்துவேன், ரத்தக் கட்டியாக இருக்கலாம், மருத்துவரிடம் உடனே சொல்வேன்' என்றால் எனக்குப் போதும். முதுகு வலிக்காரர் இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாக வரவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது என்கிறார். இதைக் கேட்டுவிட்டு உடற்பயிற்சிப் பட்டியல் சொல்ல ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதற்கான அறிகுறி, அவசரமாக அனுப்ப வேண்டியது. எத்தனை நுட்பம் தெரிந்திருந்தாலும் இதில் தடுமாறினால் எடுக்க மாட்டோம்.

இரண்டாவதாக, அளக்கிறீர்களா என்று பார்ப்பேன். 'முன்னைவிட நன்றாக நடக்கிறார்' என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர், பெர்க் சமநிலை அளவுகோலில் 56-க்கு எத்தனை என்று போட்டு வைத்தவரின் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கல்லூரி உள்ளிருப்புப் பயிற்சியில் பார்த்த ஐந்து நோயாளிகளை, பெயரும் அடையாளமும் இல்லாமல், முதல் நாள் அளவு, கடைசி நாள் அளவு, நடுவில் நான் எதை மாற்றினேன் என்று ஒரு பக்கத்துக்கு ஒருவராக எழுதிக்கொண்டு வாருங்கள். இப்படி வந்தவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடுவேன். வந்த எல்லோரையும் எடுத்திருக்கிறேன்.

சான்றிதழ் வகுப்புகள் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. வார இறுதியில் இரண்டு நாள் டேப் ஒட்டக் கற்று, அடுத்த வாரம் தசையில் மருந்தில்லா ஊசி குத்தக் கற்று, சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியவர்கள் பலரைத் தெரியும். நோயாளியின் கதையைக் குறுக்கே பேசாமல் ஐந்து நிமிடம் கேட்க அவர்களில் சிலருக்கு வராது. முதுகுவலிக்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கிய ராபின் மெக்கென்சி என்ற பிசியோவின் பெயரில் இன்று உலகம் முழுக்க வகுப்புகள் நடக்கின்றன. அந்த முறை பிறந்த கதை தெரியுமா? 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் அவருடைய கிளினிக்கில் ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி நன்றாக வளைந்த நிலை. அந்தக் காலத்தில் கூடாது என்று கருதப்பட்டது அது. சில நிமிடம் கழித்து வந்து பார்த்தால் வாரக்கணக்கில் இருந்த கால் வலி போய்விட்டது என்கிறார் நோயாளி. தற்செயல் என்று விட்டுவிடாமல் அடுத்தடுத்த நோயாளிகளிடம் அதைக் கவனிக்கத் தொடங்கினார் மெக்கென்சி. வகுப்புக்குப் போங்கள், ஆனால் ஒரு வருடம் நோயாளிகளைப் பார்த்து, 'இந்த இடத்தில்தான் எனக்குத் தெரியவில்லை' என்று சுட்டிக்காட்டும் நிலை வந்தபின் போங்கள். மேற்படிப்புக்கும் இதேதான் என் பதில். வேலை கிடைக்காத வெறுப்பில் எடுக்கும் மேற்படிப்பு, இரண்டு வருடம் கழித்து அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும், கூடுதலாக ஒரு கடனோடு.

மேலே போகும் வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் ஒரே ஏணி அல்ல. ஒரு பிரிவில் ஆழமாகப் போய் சிறப்புப் பிசியோ ஆகலாம், துறைத் தலைமைக்குப் போகலாம், கற்பிக்கலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம். தலைமைப் பதவிக்குப் போனால் நோயாளியைத் தொடும் நேரம் குறையும், பணி அட்டவணையும் கூட்டங்களும் கூடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது. சொந்த கிளினிக் என்றால் இன்னொன்று பார்க்க வேண்டும்: மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் நோயாளி நேரடியாக உங்களிடம் வர நீங்கள் இருக்கும் நாட்டில் அனுமதி உண்டா? ஆஸ்திரேலியப் பிசியோக்கள் 1976-லேயே பரிந்துரைக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். இன்னும் கைவிடாத இடங்களில் உங்கள் கிளினிக்கின் வருமானம் நான்கைந்து மருத்துவர்களின் தயவில் இருக்கும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஒரு வரி. ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு. அமெரிக்காவில் நுழைவுப் பட்டமே முனைவர் நிலைக்குப் போய்விட்டது, பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தேர்வெழுத விடுவார்கள். ஆகவே பாடத்திட்ட நகல், உள்ளிருப்புப் பயிற்சி மணிநேரச் சான்று இரண்டையும் கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அங்கே உங்களை யாருக்கும் அடையாளம் தெரியாது.

உங்கள் இரண்டு இடங்களுக்கு வருகிறேன். பெயரை மட்டும் வைத்து மருத்துவமனைதான் என்று நான் முடிவு சொல்ல மாட்டேன். மூத்தவர் யாருமில்லாமல் புதியவரை வார்டில் தனியாக விடும் மருத்துவமனைகளும் உண்டு, நோயாளிக்கு முக்கால் மணிநேரம் ஒதுக்கி வாரம் ஒரு நாள் கேஸ்களை உட்கார்ந்து பேசும் கிளினிக்குகளும் உண்டு. இரண்டு இடத்துக்கும் போன் செய்து, 'சேர்வதற்கு முன் ஒரு நாள் முழுக்க வந்து பார்க்கலாமா?' என்று கேளுங்கள். ஒரு பிசியோ ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார், முதல் முறை வரும் நோயாளிக்கு எவ்வளவு நேரம், சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றையும் அங்கே வேலை பார்க்கும் இளையவரிடம் தேநீர் நேரத்தில் கேளுங்கள், முதலாளியிடம் வேண்டாம். வந்து பார்க்கவே கூடாது என்று ஓரிடத்தில் சொன்னால் இன்னோர் இடத்தில் சேர்ந்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் வந்து பார்க்க அனுமதித்தால், பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.