ஹெட்ஜ் ஃபண்ட் வாங்கினால் நாமும் வாங்கலாமா? - வாசகர் கேள்வி-பதில்

நியூயார்க்கில் வர்த்தகமாகும் ‘இந்தியா ஃபண்ட்’டில் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வைத்திருப்பது எத்தனை சதவீதம் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன். நம்பலாமா? (எடிசன், நியூஜெர்சி)

எந்தத் தேதிக் கணக்கு? அந்த வரியைத்தான் வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். தேதி இல்லாத சதவீதத்தை நான் பார்ப்பதில்லை என்று பலமுறை எழுதியாயிற்று. அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் பங்குகளை நிர்வகிப்பவர்கள் காலாண்டு முடிந்து 45 நாளைக்குள் 13எஃப் என்ற கையிருப்புப் பட்டியல் படிவம் கொடுத்தால் போதும். மார்ச் 31 இருப்பு மே நடுவில்தான் வெளியே வரும். அதற்குள் விற்றுவிட்டுப் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஒரு ஃபண்டில் நிறுவனங்கள் 104% என்று காட்டுகிறது. மோசடியா? (டல்லாஸ்)

இல்லை. ஒருவர் பங்கைக் கடன் வாங்கி விற்றால் (இதுதான் ஷார்ட் அடிப்பது) அதைக் கடன் கொடுத்தவரும், சந்தையில் வாங்கியவரும் தங்கள் கணக்கில் எழுதுவார்கள். ஒரே பங்கை இரண்டு மேனேஜர்கள் காட்டுவதும் உண்டு.

சாதாரண மியூச்சுவல் ஃபண்டுக்கு ஏன் இந்தக் கணக்கு கிடைப்பதில்லை? (அதே வாசகர்)

13எஃப் பட்டியலில் ஓப்பன் எண்ட் யூனிட்கள், அதாவது ஃபண்டிடமே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும் யூனிட்கள், கிடையாது. ஃபண்டிடம் திருப்பிக் கொடுக்க முடியாமல், சந்தையில் கைமாறும் குளோஸ்டு எண்ட் பங்குகள் உண்டு.

நான் வைத்திருக்கும் குளோஸ்டு எண்ட் ஈக்விட்டி ஃபண்டில் ஒரு பெரிய ஹெட்ஜ் ஃபண்ட் (வசதியானவர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் தனியார் ஃபண்ட்) 12% வாங்கியிருக்கிறது. அவர்களே நம்பி இறங்கும்போது நாமும் இன்னும் கொஞ்சம் வாங்கலாம்தானே? (கோவைக்காரர், சிகாகோ)

மாதம் நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். நம்பி இறங்கினார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? கம்பெனிப் பங்குக்குப் படித்த பாடத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். குளோஸ்டு எண்டில் இவர்கள் வருவது ஃபண்ட் மேனேஜரின் திறமைக்காக அல்ல, டிஸ்கவுன்ட்டுக்காக, அதாவது சொத்து மதிப்பைவிடச் சந்தை விலை குறைவாக இருப்பதற்காக.

என்.ஏ.வி. (ஒரு பங்குக்கு உரிய சொத்து மதிப்பு) 20 டாலர், சந்தை விலை 17 என்று வையுங்கள். அவர்கள் 17-க்குச் சேர்ப்பார்கள். பிறகு போர்டை (ஃபண்டின் இயக்குநர் குழுவை) நெருக்கி, என்.ஏ.வி.யில் 98 சதவீதத்துக்கு டெண்டர் ஆஃபர், அதாவது ஃபண்டே பங்கைத் திரும்ப வாங்கும் அறிவிப்பு, கேட்பார்கள். 19.60 கிடைத்தால் சுமார் 15% லாபம். இதற்குள் சந்தை விழுந்துவிட்டால்? அதற்கு இன்னொரு பக்கம் இன்டெக்ஸை ஷார்ட் அடித்து வைத்திருக்கலாம். 13எஃப்-பில் ஷார்ட் காட்டப்படாது. நீங்கள் பார்ப்பது பாதிப் படம்.

சேதி உங்கள் காதுக்கு வரும்போது விலை 19-க்குப் போயிருந்தால், மிச்சம் இருப்பது 60 சென்ட். டெண்டரும் பெரும்பாலும் ஒரு பகுதிப் பங்குக்குத்தான் வரும். அவர்கள் கிளம்பிய பிறகு ஃபண்ட் சுருங்கும், செலவு விகிதம் ஏறும், டிஸ்கவுன்ட் பழையபடி விரியவும் செய்யும். 1994-ல் ஒரு வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து, நானும் வரிசையில் நின்று 10 ரூபாய்க்கு குளோஸ்டு எண்ட் யூனிட் வாங்கியவன். அப்புறம் பல வருஷம் அதைப் பத்துக்குக் கீழேதான் பார்த்தேன்.

செய்ய வேண்டியது ஒன்று. பெரிய பங்குதாரர் தாக்கல் செய்யும் படிவங்களில் அவர்கள் கொடுத்தது 13டி-யா 13ஜி-யா என்று பாருங்கள். 5 சதவீதத்தைத் தாண்டி, நிர்வாகத்தை அசைக்கும் எண்ணமும் இருந்தால் 13டி. சும்மா வைத்திருப்பவர் 13ஜி. முன்பெல்லாம் 13டி-யைத் தாக்கல் செய்ய 10 நாள் அவகாசம். 2024 முதல் 5 வேலைநாள். அங்கேயும் தேதியைப் பாருங்கள்.

என் ஃபண்டில் பங்குதாரர் ஓட்டுப் போடச் சொல்லி ப்ராக்ஸி (நேரில் போகாமல் ஓட்டுப் போடும் முறை) மெயில் மேல் மெயில். குப்பையில் போடலாமா? (லண்டன்)

போடலாம், பிறகு என்னிடம் புலம்பக் கூடாது. நூறு பங்கில் ஒரே நிறுவனத்திடம் 30, சில்லறை ஆட்களிடம் 70 என்று வையுங்கள். அமெரிக்காவில் சில்லறைப் பங்குகளில் பத்துக்கு மூன்றுக்குத்தான் ஓட்டு விழுகிறது. எழுபதில் 21. முப்பது ஜெயித்துவிடும்.

உங்கள் ஊரிலேயே 2025 தொடக்கத்தில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கின் சபா கேபிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட், 7 இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட்களின் (அங்கே குளோஸ்டு எண்ட் ஃபண்டுக்கு இதுதான் பெயர்) இயக்குநர்களை மாற்றக் கேட்டது. கையில் சுமார் 20 முதல் 30 சதவீதம் வரை. முதல் ஓட்டெடுப்பு ஹெரால்ட் டிரஸ்டில், ஜனவரி 22. சபாவைத் தவிர ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் எதிர்த்தார்கள். ஏழிலும் சபா தோற்றது. அதற்காக போர்டுகள் எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. டிஸ்கவுன்ட்டை வருஷக்கணக்கில் வேடிக்கை பார்த்த போர்டுகளும் உண்டு. படித்துவிட்டு, எந்தப் பக்கமோ போடுங்கள்.

இந்தியாவில் ஒரே நிறுவனம் ஒரு திட்டத்தை மொத்தமாக வளைக்க முடியுமா? (சேலம்)

செபி விதிப்படி ஒரு திட்டத்தில் குறைந்தது 20 முதலீட்டாளர்கள் வேண்டும். ஒருவரிடம் 25 சதவீதத்துக்கு மேல் கூடாது. இங்கே குளோஸ்டு எண்டில் வேறு தலைவலி: பட்டியலிட்டிருப்பார்கள், வாங்க ஆள் இருக்காது.

இந்தியா ஃபண்ட் ஆண்டுக்கு 10% தருகிறதாமே, எஃப்.டி.க்குப் பதிலாகப் போடலாமா? (ஃப்ரீமாண்ட்)

போடாதீர்கள். அது என்.ஏ.வி.யில் 10% என்று வைத்துக்கொண்ட பட்டுவாடாக் கொள்கை. ஈட்டியது போதாவிட்டால் உங்கள் முதலீட்டுப் பணத்திலிருந்தே எடுத்து உங்களுக்குக் கொடுப்பார்கள். பட்டுவாடாவோடு வரும் 19ஏ நோட்டீஸில் எது எவ்வளவு என்று பிரித்திருக்கும். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள், தேதியை வெட்டாமல்.