வரைபடம் யாருடையது?

அன்புள்ள ஐயா,

இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பம் 511 கோடி ரூபாய்க்கு அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். வசம் போகிறது. விண்வெளியைத் தனியாருக்குத் திறக்கிறோம் என்று முழங்கிவிட்டு, அரசு தன் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டது போலிருக்கிறது. தேஜஸ் போர் விமானத்தையே காலத்தில் கொடுக்காத நிறுவனம் ராக்கெட்டில் என்ன கிழிக்கப்போகிறது? இஸ்ரோவுக்கு நட்டும் போல்ட்டும் செய்துகொடுத்ததைத் தவிர அதன் பங்கு என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்வியோடுதான் எனக்கு முதல் சண்டை. நட்டும் போல்ட்டும் அல்ல, தொட்டி.

2020 நவம்பரில் எச்.ஏ.எல். இஸ்ரோவிடம் ஒப்படைத்த சி32 என்ற ராக்கெட் எரிபொருள் தொட்டியைப் பாருங்கள், ஹைட்ரஜனுக்கானது. குறுக்களவு 4 மீட்டர், நீளம் 8 மீட்டர், கொள்ளளவு 89 கன மீட்டர். தண்ணீர் ஊற்றினால் 89 டன் பிடிக்கும். அதில் ஏற்றப்போகும் திரவ ஹைட்ரஜனோ வெறும் 5,755 கிலோ. சரக்கு அவ்வளவு லேசு, அதனால்தான் தொட்டி அவ்வளவு பெரிது. பற்றவைப்புத் தையல் மட்டும் 115 மீட்டர். அது முழுவதையும் எக்ஸ்ரே எடுத்து, சாயம் தடவி விரிசல் தேடி, கசிவும் சோதித்தாக வேண்டும்.

தொட்டி அலுமினியக் கலவையில் ஆனது. அலுமினியத்தைப் பற்றவைப்பது இரும்பைப் பற்றவைப்பது போலல்ல. காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படலம் கட்டிவிடும். அதைச் சுரண்டித் துடைத்து, வெறுங்கை படாமல், ஈரமில்லாத இடத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் புகுந்து, ஆறும்போது குமிழியாக நின்றுவிடும். எக்ஸ்ரே படத்தில் அது ஊசிமுனை அளவு கரும்புள்ளி. ஹைட்ரஜனை அடைக்கப்போகிற தொட்டிக்கு முதல் எதிரியும் ஹைட்ரஜன்தான்! இந்தக் கைப்பழக்கத்தை டெண்டர் விட்டு வாங்க முடியாது.

மங்கள்யானின் உடற்கூடு எச்.ஏ.எல்.லிலிருந்து வந்தது. சந்திரயான்-2 சுற்றுகலத்தின் கூடும் அப்படியே. 2014 டிசம்பரில் விண்ணுக்குப் போய் அந்தமான் அருகே கடலில் இறங்கிய, ஆளில்லாத விண்வெளி வீரர் கூண்டின் கட்டமைப்பும் அங்கேதான் உருவானது. 2022இல் பெங்களூரில் 208 கோடி ரூபாய் செலவில் மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் இன்ஜின்களுக்கென்றே தனித் தொழிற்கூடமும் திறந்தார்கள்.

இடையில் ஒரு செய்தி. எச்.ஏ.எல்.லின் மூலவித்தான இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை 1940இல் மைசூர் அரசின் துணையோடு தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த். போர்க்காலத்தில் அரசு அதை எடுத்துக்கொண்டது. அவருடைய இன்னொரு நிறுவனமான வால்சந்த்நகர் தனியாராகவே நின்று, சர்க்கரை ஆலை இயந்திரங்கள் செய்து வளர்ந்து, ராக்கெட்டின் திட எரிபொருள் உறைகளும் செய்கிறது. ஒரே ஆள் நட்ட இரண்டு மரங்கள், வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அரசா தனியாரா என்பதை வைத்து மட்டும் ஒரு பட்டறையை அளக்க எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு வேறொரு நியாயம் உண்டு, அதை நீங்கள் எழுதவில்லை. மேலே சொன்ன அத்தனையும் இஸ்ரோவின் வரைபடம், இஸ்ரோவின் பரிசோதகர், இஸ்ரோவின் பணம். கொடுத்த அளவுக்குத் தைத்துத் தந்த தையற்காரர் எச்.ஏ.எல். எல் அண்ட் டி.யோடு சேர்ந்து ஐந்து பி.எஸ்.எல்.வி. செய்ய 2022இல் எடுத்த ஒப்பந்தமும் அந்த வகைதான். ராக்கெட் முழுசு, ஆனால் வாங்குகிறவர் அதே பழைய ஆள், இஸ்ரோ தரப்பு. எஸ்.எஸ்.எல்.வி.யில்தான் கடை அவர்களுடையது. வாடிக்கையாளரைத் தேடுவது, விலை சொல்வது, நட்டத்தைத் தாங்குவது எல்லாம் அவர்கள் பாடு.

அந்த ராக்கெட்டின் மூன்று பெரிய அடுக்குகளும் திட எரிபொருளில் ஓடுகின்றன என்பதையும் கவனியுங்கள். எச்.ஏ.எல். கை தேர்ந்தது திரவ எரிபொருள் தொட்டிகளில். சொந்தக் கடை திறக்கும் நாளில் பழகிய துணி கையில் இல்லை! தொழில்நுட்ப மாற்றத்துக்கு 24 மாத அவகாசம் கொடுத்திருப்பது ஏன் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சட்டைப்பை, வேட்டி மடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இறுதிச் சுற்றில் தனியார் தலைமையிலான கூட்டணி ஒன்றும் இருந்தது. போட்டி நடந்தது, எச்.ஏ.எல். அதிகத் தொகை தருவதாகச் சொல்லி வென்றது. தேஜஸ் குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். அமெரிக்காவிலிருந்து இன்ஜின் தாமதமாக வந்தது என்பது பாதி விளக்கம்தான். விமானப்படைக்கு வேறு கடை கிடையாது, காத்திருக்கும். 500 கிலோவுக்குள் செயற்கைக்கோள் வைத்திருப்பவர் பல செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றும் ஸ்பேஸ்எக்ஸ் பங்கு வண்டியில் ஏறிப் போய்விடுவார்.

2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோற்றது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வில், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் தடுமாறின; செயற்கைக்கோள்கள் நிலைக்காத பாதையில் போய் விழுந்தன. இஸ்ரோ காரணம் கண்டுபிடித்து, ஆறு மாதத்தில் அடுத்ததை வெற்றிகரமாக ஏவியது. செலவு அரசுக் கணக்கில் போயிற்று. குலசேகரப்பட்டினம் ஏவுதளத்திலிருந்து எச்.ஏ.எல். ராக்கெட்டுகள் கிளம்பும் காலத்தில் அப்படி ஒரு காலை வந்தால், செயற்கைக்கோளைப் பறிகொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெங்களூரில் இருப்பார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள், எத்தனை மாதத்தில் அடுத்ததை ஏவுகிறார்கள் என்று பார்த்த பிறகு ராக்கெட்டில் என்ன கிழிக்கப்போகிறது என்ற உங்கள் கேள்விக்கு மீண்டும் எழுதுகிறேன்.